அரசு மருத்துவமனைத் தாய்ப்பால் வங்கி: குறைமாதக் குழந்தைக்கு எவ்வளவு கைகொடுக்கிறது, எங்கே சறுக்குகிறது

ஏழு மாதத்தில், ஒன்றேகால் கிலோ எடையில் ஒரு குழந்தை பிறக்கிறது. தாய் ஆபரேஷன் முடிந்து வேறு வார்டில் படுத்திருக்கிறார். பால் இன்னும் இறங்கவில்லை. அந்த முதல் சில நாட்களுக்கு, நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் தாய்ப்பால் வங்கியைவிட நல்ல வழி குடும்பத்துக்குக் கிடையாது. பால் இலவசம், பரிசோதித்தது, மருத்துவர் கண்காணிப்பிலேயே தரப்படுகிறது. இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் ஒரு வங்கி நல்லதா என்பதை அது எத்தனை லிட்டர் சேர்த்தது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரு குழந்தைக்கு எத்தனை நாளில் வங்கிப் பால் தேவைப்படாமல் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஐந்தாம் நாளில் தாயின் சொந்தப் பாலே போதுமானதாகிவிட்டால் அந்த வங்கி தன் வேலையைச் செய்திருக்கிறது. இருபதாம் நாளும் குழந்தை முழுக்க வங்கிப் பாலிலேயே இருந்தால், ஃப்ரீசர் நிறைந்திருந்தாலும், எங்கோ ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது. இந்த மதிப்புரை முழுவதும் அந்த அளவுகோலில்தான் செல்கிறது.

ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியால் தொடங்கியது. தமிழ்நாட்டில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையைத் தொடர்ந்து திருச்சி, மதுரை, கோவை, சேலம், தேனி, தஞ்சாவூர் அரசு மருத்துவமனைகளிலும் வங்கிகள் வந்தன. பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்ட அதே 2015-ஐ ஒட்டிய காலம் அது. புதுச்சேரி ஜிப்மரில் இதே வேலையை ‘அமுதம் தாய்ப்பால் மையம்’ செய்கிறது.

2017-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறை இந்த மையங்களை மூன்று அடுக்காகப் பிரித்தது. பெரிய மருத்துவமனைகளில் உள்ள முழுமையான மையம் தானப் பாலைப் பெற்று, பரிசோதித்து, பாஸ்டுரைஸ் செய்து (கிருமி சாகும் அளவுக்குச் சூடாக்கி) வழங்கும். அடுத்த அடுக்கில் உள்ள பிரிவு தாயின் சொந்தப் பாலை எடுத்து அவர் குழந்தைக்காகவே சேமித்துத் தரும். மூன்றாவது, பிரசவம் நடக்கும் எல்லா இடத்திலும் பாலூட்ட உதவும் பிரிவு. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ‘பால் வங்கி’ என்று யாராவது சொன்னால், அது முதல் அடுக்கா இரண்டாம் அடுக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் அடுக்கு மையத்தில் தானப் பால் கிடைக்காது. குழந்தையை வேறு மருத்துவமனைக்கு மாற்றும் பேச்சு வரும்போது இந்த வித்தியாசம் தெரியாமல் பல குடும்பங்கள் திண்டாடுகின்றன.

யாருக்குக் கிடைக்கும்

கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது. இருப்பு எப்போதும் குறைவு என்பதால் வரிசை உண்டு. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்தவர்கள், குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தாய் இறந்துபோன அல்லது தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைகள், கைவிடப்பட்டு மருத்துவமனைக்கு வந்தவர்கள் ஆகியோர் முதலில். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட பரிந்துரையும் இதையொட்டியே செல்கிறது: முதலில் தாயின் சொந்தப் பால், அது கிடைக்காதபோது, 32 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகள் உட்பட, குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்குத் தானப் பால் தரலாம்.

இந்தச் சின்னக் குழந்தைகளுக்கு ஏன் இவ்வளவு முன்னுரிமை? குடல் அழுகல் நோய்தான் காரணம். குறைமாதக் குழந்தையின் குடல் சுவர் மெல்லியது, அதற்கு ரத்த ஓட்டமும் நிலையாக இருக்காது. கிருமியும் செரிக்காத பாலும் சேர்ந்தால் குடலின் ஒரு பகுதி செத்துப்போகலாம். வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, மலத்தில் ரத்தம் வந்து, சில மணி நேரத்தில் நிலைமை கைமீறும். பவுடர் பால் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு, தானப் பால் பெற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. அதே தொகுப்பு இன்னொன்றையும் காட்டுகிறது, அதை மறைக்கக் கூடாது: பவுடர் பால் குடித்த குழந்தைகளின் எடை வேகமாக ஏறுகிறது. குடலைக் காப்பதற்காக எடை ஏற்றத்தில் சற்று விட்டுக்கொடுக்கிறோம். அதை ஈடுகட்ட என்ன செய்வது என்பது கீழே வருகிறது.

நிறைமாதத்தில், மூன்று கிலோவில், நன்றாக அழுதுகொண்டு பிறந்த குழந்தைக்கு “பால் பத்தலை” என்று முதல் நாள் மாலை வங்கிக்கு ஓட வேண்டியதில்லை. அந்தக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சில மில்லிதான் கொள்ளும். சீம்பால் அதற்குப் போதும். மார்பில் சரியாகப் பிடிக்க வைக்க ஒரு நல்ல செவிலியர் அரை மணி நேரம் கூட இருந்தால் போதும். அந்த இடைவெளியில் சேனை தொட்டு வைப்பதும், சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும், தெருவில் கூவி வரும் கழுதைப்பாலைச் சங்கில் ஊற்றுவதும் குழந்தைக்குக் கேடு. குறைமாதக் குழந்தைக்கு இவை உயிராபத்து.

பால் கடந்து வரும் வழி

தானம் கொடுப்பவர் பெரும்பாலும் அதே மருத்துவமனையில் பிரசவித்து, தன் குழந்தைக்குப் போக மிச்சம் சுரக்கும் தாய். அவர் குழந்தை நன்றாகக் குடித்து எடை ஏறிக்கொண்டிருக்க வேண்டும். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் பரிசோதனைகளில் தொற்று இல்லை என்று வந்திருக்க வேண்டும். புகையிலை, மது கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடுவதும் இதில் சேரும்; வயதில் மூத்த உறவினர் பக்கத்தில் இருக்கும்போது இதைக் கேட்டால் உண்மை வராது, தனியாகக் கேட்க வேண்டும். காசநோய் சிகிச்சையில் இருப்பவர், அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர், மார்பில் சீழோ கொப்புளமோ உள்ளவர், வலிப்புக்கோ புற்றுநோய்க்கோ மருந்து எடுப்பவர் தர முடியாது. தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, இன்சுலின் போன்றவை தடையில்லை. தானத்துக்குப் பணமோ பரிசோ கிடையாது. இந்த விதி மிக முக்கியம்: காசு வந்துவிட்டால் தன் குழந்தைக்குக் குறைத்துவிட்டு விற்கும் நிலைக்கு ஏழைத் தாய் தள்ளப்படுவார், அளவைக் கூட்டத் தண்ணீரோ மாட்டுப்பாலோ சேரும்.

எடுத்த பால் ஸ்டீல் பாத்திரத்திலோ பாலிப்ரொப்பிலீன் புட்டியிலோ சேர்கிறது. உறையும்போது பால் விரியும் என்பதால் முக்கால் அளவே நிரப்ப வேண்டும். பல தாய்மாரின் பாலை ஒன்றாகக் கலந்து, ஒரு மாதிரியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி, உடனே குளிர வைத்து, மறுபடியும் மாதிரி எடுத்து, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். சூடாக்கிய பிறகு எடுத்த மாதிரியில் கிருமி வளர்ந்தால் அந்தத் தொகுதி முழுவதும் கொட்டப்படும். முடிவு வரும்வரை எந்தப் புட்டியும் வார்டுக்குப் போகக் கூடாது.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. தவறு நடப்பதும் இந்த 30 நிமிடத்தில்தான். கடிகாரத்தை எப்போது ஓட விடுகிறார்கள் என்று பாருங்கள். தொட்டியின் தண்ணீர் 62.5 டிகிரியைத் தொட்டதும் ஓட விட்டால் தவறு. புட்டிக்குள் இருக்கும் பாலின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்ட இன்னும் பல நிமிடம் ஆகும். மற்ற புட்டிகளின் அளவிலேயே ஒரு சோதனைப் புட்டியில் பால் ஊற்றி, அதனுள் வெப்பமானியின் முனையை நுழைத்து, அது 62.5 காட்டிய பிறகே நேரத்தைக் கணக்கிட வேண்டும். புட்டிகளின் அளவு ஒன்றுக்கொன்று மாறினால் ஒன்று வெந்துபோகும், இன்னொன்று அரைவேக்காடாகும். தொட்டித் தண்ணீர் புட்டியில் உள்ள பாலின் மட்டத்துக்குக் கீழே இருந்தால் மேல் அடுக்குப் பால் சூடாகாது. மூடி தளர்வாக இருந்தால் தொட்டித் தண்ணீர் உள்ளே கசியும்.

குளிர்விப்பதில் சோம்பல் இன்னும் மோசம். பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைத்துகள் 62.5 டிகிரியில் சாகாது. சூடான பாலை மேசையில் ஆற வைத்தால், போட்டிக்கு வேறு கிருமி எதுவும் இல்லாத அந்தப் பாலில் அது முளைத்துப் பெருகும். ஐஸ் தண்ணீரில் இறக்கி விரைவாக 4 டிகிரிக்குக் கொண்டுவருவது அதற்காகத்தான். ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு, ஒரு நாளில் பல முறை வெப்பநிலை எழுதும் ஏடு, மின்சாரம் போனால் ஒலிக்கும் அலாரம் ஆகிய மூன்றும் இல்லாத வங்கியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

வங்கிப் பாலில் குறைவது எது

எச்.ஐ.வி., சி.எம்.வி. போன்ற வைரஸ்களும் பெரும்பாலான பாக்டீரியாவும் 62.5 டிகிரியில் அழிகின்றன. அதோடு பாலில் இருந்த உயிருள்ள வெள்ளணுக்களும் அழிகின்றன. கொழுப்பைச் செரிக்க உதவும் லைப்பேஸ் நொதி முழுவதும் செயலிழக்கிறது. கிருமியை எதிர்க்கும் லாக்டோஃபெரின் புரதம் வெகுவாகக் குறைகிறது, வைட்டமின் சி-யிலும் ஒரு பங்கு போகிறது. ஐ.ஜி.ஏ. எதிர்ப்புப் புரதத்தில் பெரும்பகுதி தங்குகிறது. நல்ல குடல் கிருமிகளுக்கு உணவாகும் தாய்ப்பால் சர்க்கரைகள் அப்படியே இருக்கின்றன. குடல் அழுகலுக்கு எதிரான காப்பு மிஞ்சுவதற்கு இவை காரணம் என்று கருதப்படுகிறது.

புரதக் கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். தானம் தருபவர் பெரும்பாலும் நிறைமாதத்தில் பிரசவித்தவர், பல நேரம் சில வாரங்களோ மாதங்களோ ஆனவர். அந்தப் பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 1 கிராம் புரதம். 1.2 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 160 மில்லி வீதம் நாளைக்கு 192 மில்லி கொடுத்தால் 1.9 கிராம் புரதம் போகிறது, அதாவது கிலோவுக்கு 1.6 கிராம். அந்தக் குழந்தை வளரத் தேவைப்படுவது கிலோவுக்கு மூன்றரை முதல் நான்கு கிராம். பாதிகூட இல்லை. அதனால் குழந்தை ஓரளவு பால் தாங்கத் தொடங்கியதும் ஃபார்ட்டிஃபையர் என்னும் சத்துப் பொடியைக் கலப்பார்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் மில்லிக்கு ஒரு பாக்கெட், அதற்கு மேல் வேண்டாம். பொடியைக் கூட்டினால் பால் கெட்டியாகி வயிறு உப்பும். முழுப் பாக்கெட்டையும் கொட்டிவிட்டுப் பாலைக் குறைத்து ஊற்றுவது வார்டுகளில் அடிக்கடி நடக்கும் பிழை. பொடியோடு பாஸ்பேட், கால்சியம், வைட்டமின் டி, இரும்புச்சத்து எப்போது தொடங்கும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

குறைமாதத்தில் பெற்ற தாயின் சொந்தப் பாலில் முதல் வாரங்களில் புரதம் இதைவிட அதிகம், உயிரணுக்களும் நொதிகளும் அப்படியே இருக்கும். சுடாத அந்தப் பத்து மில்லிக்கு வங்கியின் ஐம்பது மில்லி ஈடாகாது. அதனால்தான் தொடக்கத்திலேயே அந்த அளவுகோலைச் சொன்னோம்.

முதல் மூன்று நாள்

அதே 1.2 கிலோ குழந்தைக்கு முதல் நாள் கிலோவுக்கு 20 மில்லி என்று தொடங்கினால் மொத்தம் 24 மில்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 2 மில்லி. நாளுக்குக் கிலோவுக்கு 30 மில்லி கூட்டினால் இரண்டாம் நாள் 60, மூன்றாம் நாள் 96. மூன்று நாளுக்கும் சேர்த்து 180 மில்லி. ஆறாம் நாள் ஒரே நாளில் குடிக்கும் அளவைவிடக் குறைவு. இவ்வளவு சிறிய தேவையை முழுக்க வங்கியின் தலையில் கட்டுவதற்கு முன், தாயிடம் யாராவது போனார்களா என்று கேட்க வேண்டும்.

பிரசவமான ஒரு மணி நேரத்துக்குள், முடியாவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள், முதல் முறை பீய்ச்சி எடுக்க வேண்டும். ஆபரேஷன் என்றாலும், ரத்த அழுத்தத்துக்கு மருந்து ஓடிக்கொண்டிருந்தாலும், மயக்கம் தெளிந்து நிலை சீரானதும் படுத்தபடியே செய்யலாம். முதல் இரண்டு நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பம்பில் வைத்தால் அது குழாயிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகும். கையால் எடுத்து ஒரு மில்லி சிரிஞ்சில் உறிஞ்சுவதே சரி. கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி. முதலில் விலா எலும்புகளை நோக்கிப் பின்னால் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து, விட வேண்டும். தோலைத் தேய்த்து இழுக்கக் கூடாது, காம்பைக் கிள்ளக் கூடாது. விரல்களைச் சுற்றிலும் நகர்த்திக்கொண்டே இருந்தால் எல்லாப் பகுதியும் காலியாகும். வந்தது கால் மில்லி என்றாலும் குழந்தை இருக்கும் எஸ்.என்.சி.யூ.வுக்கு (பச்சிளங்குழந்தை சிறப்புப் பராமரிப்புப் பிரிவு) அனுப்புங்கள். வாய்வழி கொடுக்க முடியாத குழந்தைக்கும் கன்னத்தின் உட்புறம் இருபக்கமும் 0.1 மில்லி தடவலாம்.

பிறகு 24 மணி நேரத்தில் எட்டு முதல் பத்து முறை. இரவில் ஒரு முறையாவது கட்டாயம், ஏனென்றால் பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். “உடம்பு தேறட்டும், தூங்க விடுங்க” என்று அம்மாவும் மாமியாரும் சொல்வது பாசத்தில்தான். ஆனாலும் முதல் வாரத்தில் ஆறு மணி நேரம் விட்டுவிட்டால் மார்பு நிறைந்து நின்று, இவ்வளவு தேவையில்லை என்று உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பால் கட்டிக்கொண்டு காய்ச்சலும் வரும். பால் இறங்கிய பின் மின் பம்பில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். பம்பில் மார்பின் மேல் பொருத்தும் புனலின் அளவு முக்கியம்: சிறியதானால் காம்பு உரசிப் புண்ணாகும், பெரியதானால் கருவளையமும் உள்ளே இழுபட்டு வலிக்கும், பால் வராது. பதினான்காம் நாளில் 24 மணி நேரத்துக்கு 500 மில்லியை எட்டினால் பிற்பாடு பற்றாக்குறை வராது என்று நம்பலாம். ஒரு நோட்டில் நேரமும் மில்லியும் எழுதி வையுங்கள். குறைவது எழுத்தில் தெரிந்தால் மூன்றாம் நாளே சரிசெய்யலாம், இல்லாவிட்டால் மூன்றாம் வாரத்தில்தான் தெரியும்.

குழந்தை நிலையானதும் தாயின் நெஞ்சோடு தோல் படும்படி வைக்கும் கங்காரு பராமரிப்பு சுரப்பைக் கூட்டும். முடித்த கையோடு பீய்ச்சினால் வித்தியாசம் தெரியும்.

இந்த இடத்தில் அரசு வங்கிகளின் சேவை ஊருக்கு ஊர் மாறுகிறது. நல்ல இடங்களில் பாலூட்டல் ஆலோசகர் பிரசவ வார்டுக்கே வருகிறார், தாய்க்குத் தனி நாற்காலியும் திரையும் உண்டு, பம்ப் செட் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொதிக்க வைத்துத் தரப்படுகிறது. மற்ற இடங்களில் ஆலோசகர் காலை முதல் மாலை வரை மட்டும். தாய் முதல் மாடியில், குழந்தை மூன்றாம் மாடியில், லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும். தாய் வர முடியவில்லை, எனவே வங்கிப் பால் என்று கேஸ் ஷீட்டில் எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியால் பத்து நாள் சுரப்பு போய்விடுகிறது. வீல்சேர் கேளுங்கள், கிடைக்காவிட்டால் சிரிஞ்சில் எடுத்ததைக் கணவரோ அம்மாவோ பெயர், நேரம் எழுதிய லேபிளோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

கட்டிலருகே

வங்கிப் பால் தருவதற்கு முன் பெற்றோரிடம் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். மருந்துப் படிவங்களோடு படிவமாக நீட்டினால் நிறுத்திக் கேளுங்கள்: எத்தனை நாளுக்கு, எந்த அளவு, எப்போது நிறுத்துவீர்கள்? ஒவ்வொரு புட்டியிலும் தொகுதி எண், பாஸ்டுரைஸ் செய்த தேதி, காலாவதித் தேதி இருக்கும். அந்த எண் குழந்தையின் கேஸ் ஷீட்டிலும் ஏற வேண்டும். பின்னால் ஏதாவது சந்தேகம் வந்தால் தடம் பிடிக்க அது ஒன்றுதான் வழி. தாயின் சொந்தப் பால் புட்டியும் வங்கிப் புட்டியும் ஒரே ட்ரேயில் இருந்தால், ஊற்றுமுன் குழந்தையின் கைப்பட்டையோடு லேபிளை இருவர் சரிபார்க்க வேண்டும்.

உறைந்த பாலை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மெல்ல இளக வைக்கலாம், அவசரமானால் 37 டிகிரிக்கு மிகாத வெதுவெதுப்பான தண்ணீரில், மூடி நனையாமல். கொதிநீரிலோ மைக்ரோவேவிலோ வைத்தால் ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் கட்டியாக இருக்கும், மிச்சமிருந்த புரதமும் கெடும். இளகியதை ஃப்ரிட்ஜில் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, மீண்டும் உறைய வைக்கவே கூடாது. கொழுப்பு மேலே மிதக்கும், மென்மையாகச் சுழற்றிக் கலந்தால் போதும். மூக்குக் குழாய் வழியே பம்பில் மெதுவாகச் செலுத்தும்போது கொழுப்பு குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய கலோரி குழாயிலேயே தங்கும். முடிந்தவரை வேளைக்கு வேளை சிரிஞ்சில் தானாக இறங்கவிடுவது மேல். பம்ப்தான் என்றால் சிரிஞ்சின் வாய் மேல்நோக்கி இருக்கட்டும். வாய்வழி குடிக்கத் தொடங்கும்போது பாலாடை (மூக்குள்ள சிறு கிண்ணம்) போதும். கழுவ எளிது, குழந்தை தன் வேகத்தில் நக்கிக் குடிக்கும், ரப்பர் காம்புக்குப் பழகி மார்பை மறுக்கும் சிக்கலும் குறைவு.

யாருடைய பால் என்று சில குடும்பங்கள் கேட்கின்றன. சாதியும் மதமும் அந்தக் கேள்விக்குள் இருக்கும். வங்கி தானம் தந்தவரின் அடையாளத்தைச் சொல்லாது, அது சரியானதே. முஸ்லிம் குடும்பங்களின் கேள்வி வேறு. ஒரு தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் பால்குடி சகோதரர்கள், அவர்களுக்குள் திருமணம் கூடாது என்பது மார்க்கச் சட்டம். பலருடைய பாலைக் கலக்கும் வங்கியில் அது யார் என்று தெரியாது. அறிஞர்களிடையே இதில் ஒரே கருத்து இல்லை. ஐரோப்பிய ஃபத்வா மன்றம் 2004-ல் குறைமாதக் குழந்தைக்கு வங்கிப் பாலை அனுமதித்தது. கராச்சியில் தொடங்கிய வங்கி 2024-ல் மார்க்க அறிஞர்களின் ஆட்சேபத்தால் நிறுத்தப்பட்டது. இந்தக் கவலை உள்ள குடும்பத்திடம் ‘அதெல்லாம் பார்க்காதீங்க’ என்று சொல்வது மரியாதையல்ல. கலக்காமல் ஒரே தாயின் பாலாகத் தர முடியுமா, பதிவேட்டில் எண் இருக்குமா என்று வங்கியிடம் கேட்டுச் சொல்லி, ஜமாஅத் ஆலிமிடம் பேச நேரம் கொடுக்க வேண்டும். இதற்கு ஆயத்தமாக இருக்கும் ஊழியர்கள் குறைவு. இது ஒரு குறை.

பணம் கொடுத்து வாங்குவது, வாட்ஸ்அப்பில் கேட்பது

தாய்ப்பாலைப் பதப்படுத்தி விற்பதற்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அனுமதி இல்லை என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே 24-ல் அறிவித்தது. அடுத்த சில நாட்களில் சென்னை மாதவரத்தில் 50 மில்லி புட்டியை 500 ரூபாய்க்கு விற்ற ஒரு கடைக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அந்தக் கணக்கில் நம் 1.2 கிலோ குழந்தையின் ஒரு நாள் தேவைக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய். காசு போவது ஒருபுறம் இருக்க, யார் தந்தார், என்ன சோதனை நடந்தது, எத்தனை டிகிரியில் சூடானது, எதற்கும் அங்கே பதிவு இல்லை. அமெரிக்காவில் இணையத்தில் வாங்கிய தாய்ப்பாலைச் சோதித்த 2013 ஆய்வில் நான்கில் மூன்று பங்கு மாதிரிகளில் கிருமி அளவு மீறியிருந்தது. அதே குழுவின் 2015 ஆய்வில் பத்தில் ஒன்றில் மாட்டுப்பால் கலந்திருந்தது.

வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் தருபவர்கள் நல்ல மனத்தோடுதான் தருகிறார்கள், விற்பவர்களோடு அவர்களைச் சேர்க்க மாட்டோம். இருந்தாலும் மருத்துவமனையில் இருக்கும் சின்னக் குழந்தைக்குச் சூடாக்காத அடுத்தவர் பால் கூடவே கூடாது. அந்தக் குழுக்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, தருபவரை அருகிலுள்ள வங்கிக்கு அனுப்பி வைப்பது.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு வங்கிப் பால் வீட்டுக்குக் கிடைக்காது. அதனால் வீட்டுக்குப் போகும் நாளுக்கு முன்பே தாய்க்கு எவ்வளவு சுரக்கிறது என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும். போதவில்லை என்று மருத்துவர் சொன்னால், மிச்சத்துக்குப் பவுடர் பால்தான் சரியான வழி, அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. பவுடர் டப்பா கிருமி நீக்கியதல்ல என்பதை மட்டும் மறக்கக் கூடாது: கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குமுன், அதாவது இறக்கி அரை மணி நேரத்துக்குள், பொடியைப் போட்டுக் கலக்கி, பிறகு ஆற்றிக் கொடுக்க வேண்டும். தண்ணீரை முதலில், பொடியைப் பிறகு, டப்பாவோடு வந்த கரண்டியில் தலைதட்டி. இரண்டு மணி நேரத்தில் குடிக்காததைக் கொட்டிவிட வேண்டும்.

பால் மிச்சமுள்ள தாய்மார் தானம் தர விரும்பினால், எடுத்துச் சேர்த்துவிட்டு வங்கிக்குப் போகாதீர்கள். முதலில் விசாரித்து, ரத்தப் பரிசோதனையும் சம்மதப் படிவமும் முடித்து, வீட்டில் எடுத்ததை வாங்குவார்களா, அங்கேயே வந்து எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். வீட்டுப் பாலை வாங்கும் இடம் என்றால் அவர்கள் தரும் புட்டியில் மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும் எழுதி, உடனே ஃப்ரீசரில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் கதவின் தட்டில் வேண்டாம், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அங்கே சூடு மாறும். ஐஸ் பேக் அடுக்கிய பெட்டியில் உறைந்த நிலையிலேயே கொண்டுபோக வேண்டும், வழியில் இளகியதை வங்கி ஏற்காது. சளி, காய்ச்சல், மார்பில் சிவந்து வலி உள்ள நாட்களில் எடுத்த பாலைத் தனியாக வைத்து, கொடுக்குமுன் ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.